பெல்லாவின் பல்வலி

"பங்களா நாய்க்குப் பல்லு வலிங்க, ஐயா."

எழுதிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத்து மருந்தையா சட்டென்று நிமிர்ந்தார். துரைசாணியின் நாயைப் பார்த்துக்கொள்ளும் சடையன் வாசலில் நின்றான்.

"பெல்லாவுக்கா? எத்தனை நாளா?"

"நாலு நாளாச்சுங்க. கன்னம் வீங்கிருச்சு. கஞ்சிகூட எறங்கல."

"பங்களா நாய்க்குக் கஞ்சியா?"

"எறச்சியக் கடிக்க முடியலீங்க. அதான்."

"நீ தெனமும் பல்லு வெளக்கி விடுறதில்லையா?"

"வெளக்குறேங்க. துரைசாணி குடுத்த பிரஷ்ல, நாப்பத்திரெண்டு பல்லையும்."

"அப்புறம் ஏன்யா இவ்வளவு நாள் சொல்லல? வாயில்லா சீவன், எப்படித் தாங்கும்?"

மருந்தையா பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தார். கராம்பு எண்ணெயைச் சின்னப் போத்தலில் ஊற்றினார். வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்தார். வேளைக்கு ஒன்று, வெறும் வயிற்றில் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

"கொறையலேன்னா ஓடி வா. நுவரெலியாவுக்குக் கார்ல அனுப்பச் சொல்றேன்."

சடையன் கும்பிட்டுவிட்டு நடந்தான். பங்களாவுக்கு ஏறும் பாதையில் திரும்பாமல், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினான்.

அவன் பெண்சாதி காத்தாயி கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாத்திரையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். பாதி வாயைத்தான் திறக்க முடிந்தது.

"நேத்து போய்க் கேட்டதுக்கு, தலையக்கூடத் தூக்காம உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொன்ன மனுசன், இன்னைக்கு எப்படிக் குடுத்தாரு?"

சடையன் கஞ்சிக் கோப்பையை அவள் கையில் கொடுத்தான்.

"நோவு ஒன்னோடதத்தான் சொன்னேன். பேரு மட்டும் பெல்லான்னு சொன்னேன்."