கக்கத்தில் வந்த சேதி

பூரணம் காட்ட வந்தது வலது கையில் கொத்துக் கொத்தாகக் கொப்புளித்திருந்த அக்கியை இல்லை. அதற்குக் காலையிலேயே செங்காவியால் எழுதியாயிற்று. அந்தப் பக்கத்துக் கக்கத்தில் உருண்டு நின்ற கட்டியைத்தான். அவள் அக்காவைக் கொண்டுபோனதும் கக்கத்தில் வந்த ஒரு கட்டிதான்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தாள். “நெறி கட்டியிருக்கும்மா, பயப்படாதீங்க. தோலுக்குள்ள காவல் இருக்கிற செல்லு, அக்கிக் கிருமியில ஒரு துண்டைப் பிச்சு எடுத்துக்கிட்டு இங்க ஓடி வரும். ‘இவன்தான், பாத்துக்க’ன்னு காட்டும். அதைப் பாத்துட்டு சண்டை போடுற செல்லெல்லாம் பெருகிக் கிளம்பும். அந்தக் கூட்டந்தான் இந்த வீக்கம்.”

“அப்ப நல்லதுதானா?”

“சேதி வந்து சேந்திருச்சுன்னு அர்த்தம்.”

பூரணம் அங்கேயே அழுதுவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வலது கை எரிந்ததால் இடது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். அந்தக் கக்கத்தில், ரவிக்கைக்குள் ஏதோ இடறியது. விரலால் தடவினாள். வலிக்கவில்லை, கல் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

கம்பியைப் பிடித்திருந்த கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வெறும் தோல்தான், ஒரு கொப்புளம்கூட இல்லை.

அப்படியென்றால் இங்கே சேதி கொண்டுவந்தது யார்?