கிணற்றுக்கு ஒரு கரண்டி டீசல்

குன்னூர்க் குளிரில் ஆமை வேகத்தில்தான் என்றாலும், பெட்ரோல் பங்கிலிருந்து கிணற்றுக்குள் கசிந்த டீசலையெல்லாம் நுண்ணுயிர்கள் ஒருவழியாகத் தின்று தீர்த்துவிட்டன. பல வருஷம் கழித்துச் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமென்று அமலி வாளியோடு போனாள். கிணற்றடியில் குடிநீர் அதிகாரி நின்றார்.

"தினம் ஒரு கரண்டி டீசல் ஊத்துங்கம்மா. இல்லேன்னா அதுங்க பட்டினியில செத்துடும். டீசல் கலந்த மத்த கிணத்துக்கெல்லாம் அதுங்களை இங்கிருந்துதானே கொண்டுபோகணும்?"

"அப்புறம் நாங்க எதைக் குடிக்கிறதுங்க?"

"ஊத்துனதைக் கொஞ்ச நாள்ல தின்னுடும்மா."

"தினம் ஊத்துனா?"



அதற்குள் அவள் கணவன் லூர்து டீசல் கேனோடு வந்துவிட்டான். "நமக்காக இத்தனை காலம் தின்னுச்சுங்களேடி. பட்டினி போடவா முடியும்?"

அவன் கேனைத் திறப்பதற்குள் அமலி அவசரமாக ஒரு வாளி இறைத்து, பல் கூசக் கூச, வயிறு முட்டக் குடித்தாள்.

"ம், இப்போ ஊத்துங்க" என்றாள்.