துக்கத்துக்கு வந்தவள்

ஜோனைத் தேவாலயத்தின் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவளுடைய கறுப்புத் தொப்பியை உதவி இயக்குநர் சற்றே முன்னால் இழுத்துவிட்டார்.

"அழணும்னு அவசியமில்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டாப் போதும்."

முன்னால் மலர்களுக்கு நடுவே ஒரு காலிச் சவப்பெட்டி. ஜன்னலுக்கு வெளியே ஸ்டான்லி ஊரின் கடல், டாஸ்மேனியக் குளிர்காலத்தின் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் நண்டு பிடிக்கிறவர்களும் அவர்கள் மனைவிமாரும். டிவியில் முகம் தெரியும் என்று தலைவாரி வந்திருந்தார்கள்.

எடுத்துக்கொண்டிருந்தது ஆறு பகுதித் தொடர். ரொவீனா பைபஸ் எழுதிய நாவல்தான் கதை. நாவலில் இருந்ததெல்லாம் அவள் வீட்டு ரகசியம். நிமோனியாக் காய்ச்சலில் அம்மா லான்செஸ்டன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்று சொல்லித்தான் அப்பா பிள்ளைகளை வளர்த்தார். அவள் தானாகவே கடலுக்குள் நடந்துபோனவள் என்ற உண்மையைச் சாகக் கிடந்தபோதுதான் சொன்னார்.

ஜோன் அந்த நாவலை இரண்டு தடவை படித்திருந்தாள். கூட்டக் காட்சிக்கு ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பர்னியிலிருந்து காலைப் பேருந்தில் வந்திருந்தாள். ரொவீனாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேருந்தில் அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

விளக்குகளை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ரொவீனாவே வந்தாள். நெடுநெடுவென்ற உயரம், நரை விழுந்த முடி. எல்லோருக்கும் தன் கையாலேயே தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தவள், ஜோன் பக்கத்தில் வந்ததும் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள்.

"குளிருதா? கோப்பையை விடாமப் பிடிச்சிருக்கீங்களே."

"எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்றாள் ஜோன். இனித் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று தோன்றியது. "புத்தகத்தைப் படிச்சேன். உங்கம்மா உடம்பு... கிடைச்சுதா?"

ரொவீனா சிரித்துவிட்டாள்.

"நீங்களுமா! படிக்கிறவங்க பாதிப் பேரு இதைத்தான் கேக்குறாங்க. ஒருவேளை அவ உயிரோட இருக்கலாமேன்னு."

"இருந்தா?"

"வேண்டவே வேண்டாம்" என்றாள் ரொவீனா. இப்போது முகத்தில் சிரிப்பில்லை. "செத்தவங்கிறதாலதான் அவளை என்னால மன்னிக்க முடிஞ்சுது. நாங்க மூணு பேரும் அழுது அழுது தூங்குன காலத்துல, அவ எங்கயோ சொகமா உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான்னு தெரிஞ்சா... கூட்டிட்டுப் போய் நானே கடல்ல தள்ளிருவேன்."

ஜோன் கையிலிருந்த கோப்பையை மெதுவாகப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"கதைக்காக எல்லார் பேரையும் மாத்திட்டேன்" என்றபடியே ரொவீனா எழுந்தாள். "அவ பேரை மட்டும் மாத்த மனசு வரல." போகிற போக்கில் ஜோனின் தோளைத் தட்டினாள். யாரோ ஒரு வயதானவளைத் தட்டுகிற தட்டு.

அமைதி, என்று யாரோ கத்தினார்கள். கேமரா நகர்ந்தது. பாதிரியார் வேடமிட்டவர் கனத்த குரலில் வாசித்தார்.

"நம் சகோதரி கோரலி பைபஸ்..."

ஜோன் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கட்!" உதவி இயக்குநர் வரிசைகளுக்கு நடுவே ஓடிவந்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டு சிரித்தார். "உங்களை யாரும் கூப்பிடலைங்க. அது செத்தவங்க பேரு."

முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"தப்புத்தான்" என்றாள் ஜோன்.

அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கடைசியாகக் கூப்பிட்டது அவள் புருஷன்தான். எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால், வீட்டைவிட்டு வந்த புதிதில், பர்னியில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது, பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் அறை பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தாள்.

"நீ செத்துட்டேன்னு சொல்லியாச்சு, கோரலி. பிள்ளைங்களும் அழுது முடிச்சிட்டாங்க. இனிமே வந்து பயமுறுத்தாத."

மறுபடியும் கேமரா நகர்ந்தது. பாதிரியார் மறுபடியும் அந்தப் பேரை வாசித்தார்.

ஜோன் அசையவில்லை.