அப்டேட்டுக்கு முன்னால்

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுங்க சார்.”

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கணினி விளையாட்டு மையத்தின் முதலாளி காது குடைந்துகொண்டிருந்தார். குடைவது நிற்கவில்லை.

அவருடைய முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு இழுப்பறை. பூட்டியது. வேலைக்குச் சேர்ந்த அன்று, “சும்மா ஒரு நம்பிக்கைக்கு” என்று வாங்கி உள்ளே போட்டார். இரண்டு வருடமாக அங்கேதான் கிடக்கிறது, அவள் வம்சத்தின் முதல் பட்டம்.

“வாம்மா பட்டதாரி. பதினோரு மணிக்குக் கடை தொறக்கணும். மொதல்ல பேக்கப்ப முடி, அப்புறம் பாக்கலாம்.”

மணி பத்தேகால்.

பன்னிரண்டு கணினிகள். இன்று பெரிய அப்டேட். அது இறங்கிய பிறகு பழைய ஆட்டங்கள் திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முந்நூறு பேர் மாதக்கணக்கில் உருண்டு புரண்டு ஏறிய படிகள் அவை.

அவள் வருவதற்கு முன்னால் ஒருமுறை முதலாளியே பேக்கப் எடுத்தார். கண்ணில் பெரிதாகப் பட்ட கோப்புறையை அப்படியே நகலெடுத்தார். அதில் இருந்தது வெறும் விளையாட்டு மென்பொருள். எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆடியவன் எங்கே நிறுத்தினான் என்பது வேறொரு மூலையில், துக்கடாவாக, ஒளிந்து கிடக்கும். அது அத்தனையும் போயிற்று.

ஆட வந்த ஒருவன் கண்ணாடிக் கதவை எட்டி உதைத்து நொறுக்கினான்.

அதற்கப்புறம்தான் அவளை வேலைக்கு எடுத்தார். இழுப்பறைக்குப் பூட்டு வாங்கியதும் அந்த வாரம்தான்.

அவள் விரல் விசைப்பலகைமேல் நின்றது. இன்றைக்கு அந்த மூலையைத் தொடாமல் விட்டால் போதும். சாயங்காலத்துக்குள் முதலாளி நடுத்தெருவில் நிற்பார்.

ஆனால் ஆடுகிறவர்கள் யாரும் அவள் காகிதத்தைப் பூட்டி வைக்கவில்லை.

முதல் கணினி. இரண்டாவது. வெளி டிஸ்க்கில் ஒரு நகல், இன்னொரு டிஸ்க்கில் இன்னொன்று.

“ஒண்ணு பத்தாதா? எதுக்கு ரெண்டு?”

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா, அது இல்லாத மாதிரிதான் சார்.”

பன்னிரண்டாவது கணினி தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. மணி பத்து ஐம்பது. வெளியே ஷட்டரை இரண்டு பேர் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. நகரவில்லை.

முடிந்தது.

நகல்களில் ஒன்றைத் திறந்து பார்த்தாள். யாரோ பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் போன போர்வீரன் அங்கேயே நின்றான்.

அப்டேட்டை ஓடவிட்டு, முதலாளியின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

“அடுத்த அப்டேட் முடியட்டும்மா. அது பத்திரமாத்தான் இருக்கு. அத விட்டுட்டு வெளிய போய் என்னத்தக் கிழிக்கப் போற?”

இரண்டு டிஸ்க்கையும் மேசைமேல் வைத்தாள். அவற்றின்மேல் கடைச் சாவியை வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கி, தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வழிவிட்டு, வெளியே நடந்தாள்.

பைக்குள் ஒரு உறை இருந்தது. முந்தாநாள் பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் வந்தது. அதே பெயர், அதே பட்டம், மூலையில் ‘இரண்டாம் பிரதி’ என்று சிவப்பு முத்திரை. திங்கட்கிழமை சேரப்போகும் வேலைக்கு அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

பூட்டிக் கிடந்த தாளில்தான் அப்பா அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்திருந்தார். அதற்காகத்தான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் பிரதி கேட்டு அனுப்பிய மனுவில் ‘தொலைந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பொய் எழுதவில்லை.

இந்தக் கடையின் முகவரியைத்தான் எழுதியிருந்தாள்.