கோடு இல்லாத புள்ளி

“இந்த ஆளும் கூட்டாளிதான். போச்சு!” வித்யா மடிக்கணினியைத் தள்ளிவிட்டாள்.

பக்கத்து மேசையிலிருந்த ஜூனியர் இளவரசு எட்டிப் பார்த்தான். திரை முழுக்கப் புள்ளிகள், அவற்றுக்கிடையே கோடுகள். தமிழ்நாட்டுப் புள்ளியியல் ஆராய்ச்சியாளர்களில் யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள் என்பதுதான் வித்யாவின் முனைவர் பட்ட ஆய்வு. ஆளுக்கு ஒரு புள்ளி; சேர்ந்து எழுதினால் ஒரு கோடு.

நடுவில் பெரிய புள்ளியாக அவளுடைய கைடு வைத்திலிங்கம். எந்தக் கோட்டைப் பிடித்துப் போனாலும் கடைசியில் அவரிடம்தான் போய் நின்றது.

ஆய்வேடு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் கைடோடு சம்பந்தம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் கொடுத்த பெயர்களெல்லாம் திரும்பி வந்தன. சேலத்தில் கிடைத்த வேலையோ, இந்த மாதத்துக்குள் பட்டம் வராவிட்டால் கைநழுவிவிடும்.

கைடிடம் சொன்னபோது சிரித்தார். “யாரும் கெடைக்கலன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கயே இரேம்மா. சிதம்பரத்துல நமக்கு வேலையா இல்ல?”

அந்தச் சிரிப்பை நினைத்தபடியே அவள் மடிக்கணினியை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, ஓரத்துல ஒண்ணு தனியா நிக்குது பாருங்க,” என்றான் இளவரசு.

அறிவுமதி. கடலூரில் ஒரு கல்லூரியின் பேராசிரியை. எழுதியதெல்லாம் தனியாகத்தான். வைத்திலிங்கத்தின் பக்கம் ஒரு கோடுகூடப் போகவில்லை.

மறுநாள் காலை வித்யா கடலூர் பஸ் ஏறினாள். குடிகாடு தொழிற்பேட்டை வந்ததும் வழக்கமான ரசாயன நெடி. எல்லோரும் ஜன்னலை இழுத்து மூட, அவள் புழுக்கத்தில் ஆய்வேட்டை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

அறிவுமதி நிதானமாகப் படித்தார். அந்தப் பெரிய புள்ளி வந்ததும் அதன் மேல் விரலை வைத்தார்.

“டீய இன்னும் ஆறவச்சுத்தான் குடிக்கிறாரா ஒங்க சாரு?”

“ஆமா மேடம். ஏடு கட்டுனப்புறந்தான்.” ஏதாவது கருத்தரங்கில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

“நல்லா பண்ணிருக்கம்மா. ஒரு கொறையும் சொல்ல முடியாது.” அறிவுமதி ஆய்வேட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். “ஆனா வைவாவுக்கு நான் வர முடியாது. ரூல்ஸ் வுடாது.”

வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏன் மேடம்? ஒரு பத்திரிகை விடாம தேடிட்டேன். எதுலயும் ஒங்க பேரும் சாரு பேரும் சேந்து வரலியே!”

அறிவுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்ண வுட்டுட்டியேம்மா. கல்யாணப் பத்திரிகை.”