பதினேழாவது ஓசை

இன்னும் கடைக்கு வராத போன்களுக்குள் ஓடும் மென்பொருளைக் குடைந்து பார்ப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. அன்று மதியம் ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு பட்டியல் அகப்பட்டது. பேசும்போது எதிர்முனையிலிருந்து வருவதில் போன் தானாகவே வடிகட்டித் தள்ளும் இரைச்சல்கள். ஊரில் எல்லார் போனிலும் ஓடுவதுதான். இந்தச் சோதனைப் போனில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மொத்தம் பதினேழு. கடைசி ஒன்றுக்கு மட்டும் பெயரில்லை.

சோதித்துப் பார்க்க அதிலிருந்தே தூத்துக்குடிக்கு அழைத்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவளே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்த தங்கை பெனிட்டா எடுத்தாள்.

“ஏட்டி, எப்படி இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன்க்கா.” வழக்கம்போல அலம்பிவிட்ட மாதிரித் தெளிவான குரல்.

ஊர்க்கதை பேசிக்கொண்டே ஜெசிந்தா வடிகட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மின்விசிறி கடகடத்தது. குக்கர் சீறியது. மாப்பிள்ளை செருமினார், போனுக்கு மிக அருகில். பதினேழாவதையும் அணைத்தாள்.

“நல்லாத்தான்... இருக்கேன்க்கா.” சொல்லுக்குச் சொல் விம்மல்.

“ஏட்டி, என்னாச்சு?”

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் வாசல்வரை போனது. பைக் ஒன்று கிளம்பித் தெருமுனையில் தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் பெனிட்டா வாய் திறந்தாள்.

“அவுக பக்கத்துல உக்காந்திருக்கையில வாயால எப்படிக்கா சொல்ல? எட்டு மாசமா அழுதுக்கிட்டேதான் பேசுதேன். நீ பாட்டுக்குச் சிரிச்சிட்டு வச்சிருவ. நீயும் அவுக பக்கம்னுல்லா நெனச்சேன்.”