ஆண்டவர் காட்டியது

"இங்க ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கார்" என்றார் பாஸ்டர் ஜெரால்டு, கண்களை மூடியபடி.

கீபோர்டின் சத்தம் தாழ்ந்தது.

அன்னவாசலுக்கு வெளியே, குடுமியான்மலை ரோட்டில், தகரக் கூரை போட்ட ஜெபவீடு அது. ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். பெண்கள் பக்கம் பாயில் முக்காடிட்டு மண்டியிட்டிருந்த செவந்தி, கண்ணைத் திறந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

கடைசி வரிசையில், சுவரோரம் அவள் புருஷன் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தான்.

இத்தனை வருஷமும் வாசலோடு திரும்பிப் போகிறவன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறான். இரண்டு நாளாக அவள் கெஞ்சிய கெஞ்சலுக்கு மனமிறங்கி வந்திருக்கிறான்.

"ஆண்டவர் எனக்குக் காட்டுறார். ஒரு கிணறு தெரியுது. பக்கத்துல மோட்டார் ரூம். ஒரு பெண் குழந்தை."

செவந்திக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர்கள் மகள் அன்புமொழி கிணற்றில் விழுந்து இறந்தது ஊருக்கே தெரியும். செவந்தி அடுப்படியில் வேலையாக இருந்தபோது, மூன்று வயதுப் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிணற்றடிக்குப் போய்விட்டது. செவந்தியே எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள்.

ஒற்றைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று ஊர் பேசியது. மாமியார் சாகும்வரை அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

ரத்தினவேல் அப்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பிள்ளை தனியாப் போகல" என்றார் பாஸ்டர். "தகப்பன்தான் கூட்டிக்கிட்டுப் போனார். கடலைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சப் போனவர், மோட்டார் ரூமுல படுத்துத் தூங்கிட்டார்."

சபையில் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முனகல் எழுந்தது.

ரத்தினவேலின் முகம் கோணியது. கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

இந்த உண்மையை யாரிடமும் சொல்லக்கூடாது என்று, செத்துப்போன பிள்ளைமேல் அவன் செவந்தியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இருவர் மட்டும் அறிந்ததை முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறார் என்றால், அன்றைக்கு மேலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவன் அப்படி நம்பிவிட்டது, தோள்கள் குலுங்கியதில் தெரிந்தது.

செவந்தியும் அழுதாள். இதற்காகத்தானே அத்தனை உபவாசம் இருந்தாள்.

"மகனே, நீ வேணும்னு செய்யல! அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல் அனலா அடிச்சிச்சு. கண்ணைத் தெறக்க முடியாமப் படுத்துட்ட. கர்த்தர் அதைப் பார்த்தார்!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது.

செவந்தியின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

ஆண்கள் பக்கம், ரத்தினவேலின் கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்தன. அவன் எழுந்து நின்றான். சாட்சி சொல்லப் போகிறான் என்று நினைத்து யாரோ மைக்கை நீட்டினார்கள். அவன் அதை வாங்கவில்லை.

"காய்ச்சல் இல்லீங்க" என்றான். "குடிச்சிருந்தேன்."

கீபோர்டு நின்றது.

"எம் பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் குடிச்சிட்டுக் கெடந்தேன்."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். அவர் பார்வை ரத்தினவேலிடம் போகவில்லை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த தன் மனைவி பிளெஸ்ஸியிடம் போனது.

பிளெஸ்ஸி மடியிலிருந்த பைபிளைக் குனிந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, செவந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எதுவானாலும் சொல்லுங்கக்கா, நமக்கும் ஆண்டவருக்கும் நடுவில்தான் இருக்கும் என்றாள். செவந்தி கொட்டித் தீர்த்துவிட்டாள். அத்தனையும் சொன்னவளுக்கு, புருஷன் குடித்திருந்தான் என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. கட்டியவனை அந்த அளவுக்கு இறக்கிச் சொல்வதா என்று நினைத்து, காய்ச்சலில் கிடந்தார் என்று சொல்லிவைத்தாள்.

பிளெஸ்ஸி அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

"ஆண்டவர் இவர் வாயைத் தெறந்துட்டார்!" என்று பாஸ்டர் மைக்கில் முழங்கினார். கீபோர்டு மறுபடியும் எழுந்தது. சபை கை தட்டியது. பக்கத்திலிருந்தவர்கள் ரத்தினவேலைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் தலையில் கை வைத்தார்கள்.

பிளெஸ்ஸியும் எழுந்து நின்று கை தட்டினாள்.

அந்தக் கைகளுக்கெல்லாம் நடுவிலிருந்து ரத்தினவேல் பெண்கள் பக்கம் திரும்பினான். அவன் கண்கள் முக்காடு முக்காடாகத் தேடி, செவந்தியிடம் வந்து நின்றன.

பாட்டுச் சத்தத்தில் அவன் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

சொல்லிட்டியா?

செவந்தி தலையை அசைத்தாள்: ஆமாம்.